கறுப்புத் திரையா, பேனலா? மெயில் சர்வர் கேள்வி – பதில்

மெயில் சர்வரை மவுசை வைத்தே மேய்த்துவிட முடியாதா என்ற கேள்வியைக் குமரி மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். பிரவுசரில் பொத்தான்களை அழுத்தி சர்வரை நடத்தும் பக்கம் பேனல்; கட்டளை தட்டி நடத்தும் கறுப்புத் திரை டெர்மினல். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறோம். வேறு பெயர் குறிப்பிடாத இடங்களில் உபுண்டு அல்லது டெபியன் கணினியில் கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் பெட்டிகளைத் திறந்து காட்டும் டவ்காட்டும் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியில் சுமார் 180 பேருக்கு மெயில் பெட்டி இருக்கிறது. இதுவரை எல்லாம் வெப் பேனலில்தான். புதிதாக வந்த பராமரிப்பு ஒப்பந்தக்காரர் “பேனலைத் தூக்கிவிடலாம், டெர்மினலே போதும்” என்கிறார். சம்மதிக்கலாமா?
– கணினி ஆய்வகப் பொறுப்பாளர், நாகர்கோவில்

சம்மதிக்க வேண்டாம். ஒரு பேராசிரியர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்றால் அலுவலக எழுத்தர் பேனலில் அரை நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பார். அந்த ஒரு வேலைக்காக அவர் கையில் ரூட் அனுமதி (எதையும் மாற்றும் முழு அதிகாரம்) உள்ள டெர்மினலைக் கொடுப்பது ஆபத்து. பேனலின் பெரிய பலன் அழகு அல்ல; அதிகாரத்தைத் துண்டு போட்டு, இன்னாருக்கு இவ்வளவு மட்டும் என்று கொடுக்க முடிவதுதான்.

ஜூன் மாதம் ஒரே நாளில் 60 பேருக்குப் பெட்டி திறக்க வேண்டும் என்றால் கதை வேறு. ஒவ்வொருவருக்கும் ஐந்து கட்டங்களை நிரப்பி 60 முறை பொத்தானை அழுத்தினால், இரண்டு பெயராவது எழுத்துப் பிழையோடு போகும். பெயர்ப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக வைத்துக்கொண்டு கட்டளையை வரிக்கு வரி ஓட்டுங்கள். ஆனால் நேரடியாக ஓட்டாதீர்கள். முதல் சுற்றில் 60 கட்டளைகளையும் ‘எக்கோ’ மூலம் ஒரு கோப்பில் எழுதவிட்டு, கண்ணால் படித்துப் பார்த்து, பிறகு அந்தக் கோப்பை ஓட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் பல விபத்துகளைத் தடுக்கும்.

பேனல் பின்னணியில் மைஎஸ்கியூஎல் அட்டவணை வைத்திருந்தால், அதில் நீங்களே வரி சேர்க்காதீர்கள். அத்தகைய பேனலான போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின், பெட்டி ஒன்றைத் திறக்கும்போது அதே முகவரிக்கு ஏலியஸ் வரி (கடிதம் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) ஒன்றையும் எழுதும். கையால் சேர்ப்பவர்கள் அதை மறந்துவிடுவார்கள். டொமைனில் ‘கேட்ச்-ஆல்’ (தனி ஏலியஸ் இல்லாத முகவரிகளின் கடிதங்களை ஒரே பெட்டிக்கு அனுப்பும் விதி) இருந்தால் புதிய ஊழியரின் கடிதமெல்லாம் வேறொருவர் பெட்டியில் போய் விழும். அந்தப் பேனலுக்கே ‘போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின்-சிஎல்ஐ’ என்ற கட்டளை உண்டு. அதன் வழியாகப் போனால் இரண்டு வரியும் சேர்ந்தே எழுதப்படும்.

ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “போஸ்ட்ஃபிக்ஸின் செட்டிங் கோப்பான மெயின்.சிஎஃப்பை எழுதுவது யார், பேனலா, ஆளா?” இதற்கு அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் சர்வர் சாவியைக் கொடுக்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

சிபேனல் சர்வரில் எக்ஸிம் (போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற இன்னொரு மெயில் நிரல்) செட்டிங் கோப்பில் நேரடியாக நான்கு வரி சேர்த்தேன். நன்றாக ஓடியது. அடுத்த அப்டேட்டில் அத்தனையும் மாயம். பேனலில் பிழையா?
– வெப் டிசைனர், மார்த்தாண்டம்

பேனல் தன் வேலையைத்தான் செய்தது. சிபேனலில் ‘எக்ஸிம்.கான்ஃப்’ என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக வார்த்தெடுக்கப்படும் கோப்பு. உங்கள் மாற்றம் வார்ப்பில் இல்லை, வார்த்த பொருளில் இருந்தது. சிபேனலின் சர்வர் நிர்வாகப் பக்கமான டபிள்யூஎச்எம்மில் எக்ஸிம் கான்ஃபிகரேஷன் மேனேஜர் பகுதிக்குப் போய், அட்வான்ஸ்டு எடிட்டரில் அதே வரிகளைச் சேருங்கள். அடுத்த அப்டேட்டிலும் நிலைக்கும்.

ஒவ்வொரு பேனலுக்கும் இந்த விஷயத்தில் ஒரு குணம் உண்டு. சிம்ப்ராவில் மெயின்.சிஎஃப்பைத் திருத்தினால் அதன் சொந்தச் சேவை ஒன்று பழையபடி எழுதிவிடும். ‘இசட்எம்ப்ரோவ்’ அல்லது ‘இசட்எம்லோக்கல்கான்ஃபிக்’ கட்டளை வழியாகத்தான் மாற்ற வேண்டும். மெயில்கவ்வில் உங்கள் மாற்றங்களுக்கென்றே ‘எக்ஸ்ட்ரா.சிஎஃப்’ என்ற கோப்பு இருக்கிறது. வெப்மின் இவற்றுக்கு நேர் எதிர்: அதற்கென்று தனி நகல் கிடையாது, உண்மையான கோப்பையே திறந்து எழுதும். ஆகவே வெப்மினோடு டெர்மினலைக் கலந்து புழங்கலாம், மற்றவற்றில் கூடாது. ஒரு கோப்புக்கு இரண்டு எஜமானர்கள் இருந்தால் கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார், பெரும்பாலும் அது நள்ளிரவில் ஓடும் அப்டேட்டாக இருக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும் சர்வரில் எந்த முறையானாலும் மாதம் ஒரு தடவை ‘போஸ்ட்கான்ஃப் -என்’ கொடுத்து வெளியீட்டைத் தேதியிட்டுச் சேமியுங்கள். கோப்பில் எழுதப்பட்டிருக்கும் செட்டிங்குகளை மட்டும் அது காட்டும், பெரும்பாலும் ஐம்பது அறுபது வரிக்குள். சிக்கல் வந்தால் இரண்டு மாதக் கோப்புகளை ‘டிஃப்’ கொண்டு ஒப்பிட்டால் எது மாறியது என்பது வெளிச்சமாகும். பேனலின் ஸ்கிரீன்ஷாட்டில் இந்த ஒப்பீடு நடக்காது.

எங்கள் அண்டி (முந்திரி) ஆபீசிலிருந்து வெளிநாட்டு வாங்குநருக்குக் கப்பல் ஆவணங்களை மெயிலில் அனுப்பினோம். வெப்மெயிலில் “அனுப்பப்பட்டது” என்று பச்சையாக வந்தது. மூன்று நாள் கழித்து அவர் “வரவே இல்லை” என்கிறார். எங்கே போய்ப் பார்ப்பது?
– ஏற்றுமதி எழுத்தர், கருங்கல்

அந்தப் பச்சைக்கு அர்த்தம், கடிதம் உங்கள் சர்வரின் கைக்கு வந்துவிட்டது என்பது மட்டுமே. தபால் பெட்டியில் போட்டாயிற்று. வண்டி கிளம்பியதா என்பது வேறு கேள்வி. அதற்கு இரண்டு இடங்கள் உண்டு.

முதலில் கியூ, அதாவது அனுப்பக் காத்திருக்கும் வரிசை. ‘போஸ்ட்கியூ -பி’ கொடுங்கள். கியூ ஐடி, அளவு, வந்த நேரம், அனுப்பியவர், கீழே பெறுநர், அடைப்புக்குள் தடைக்கான காரணம் என்று வரும். ஐடியின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆச்சரியக்குறி இருந்தால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லையென்றால் தள்ளிப்போடப்பட்டுக் காத்திருக்கிறது.

கியூவில் இல்லையென்றால் லாக், அதாவது சர்வரின் பதிவேடு. ‘/வார்/லாக்/மெயில்.லாக்’ கோப்பில் (ரெட்ஹாட் வகைகளில் ‘மெயில்லாக்’) பெறுநர் முகவரியை ‘கிரெப்’ கட்டளையால் தேடுங்கள். புதிய டெபியனில் அந்தக் கோப்பே இல்லாமல் இருக்கலாம், அங்கே ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளைதான். கிடைக்கும் வரியில் இரண்டு விஷயங்களைப் படியுங்கள்.

‘ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் ‘சென்ட்’ என்றும் கூடவே 250 என்ற எண்ணும் இருந்தால், எதிர்முனைச் சர்வர் வாங்கிக்கொண்டது. இனி தேட வேண்டியது அவருடைய ஸ்பாம் பெட்டியை. அந்த வரியை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள். அவர்களுடைய நிர்வாகி அதிலுள்ள அடையாள எண்ணை வைத்துத் தேடிவிடுவார். ‘டிஃபர்டு’ என்றால் 4-இல் தொடங்கும் எண் இருக்கும், தற்காலிகத் தடை. ‘பவுன்ஸ்டு’ என்றால் 5-இல் தொடங்கும், திட்டவட்டமான மறுப்பு.

அடுத்து ‘டிலேஸ்’ என்ற இடத்தில் சாய்கோடு பிரித்த நான்கு எண்கள் இருக்கும். கியூ மேலாளரிடம் வருமுன் கழிந்த விநாடிகள், கியூ மேலாளரிடம் இருந்தவை, எதிர்முனையோடு தொடர்பு ஏற்படுத்த ஆனவை, கடிதத்தை அனுப்ப ஆனவை. மூன்றாவது எண் 30 என்று நின்று ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று முடிந்தால் உங்கள் இணைய நிறுவனம் 25-ஆம் போர்ட்டை அடைத்திருக்கலாம். அப்படியானால் எந்த ஊருக்கும் எந்தக் கடிதமும் போயிருக்காது; 587 வழியாக ஒரு ரிலே சேவையை (உங்கள் கடிதத்தை வாங்கி வெளியே அனுப்பும் இடைச் சர்வரை) பிடிக்க வேண்டும். நான்காவது எண் பெரிதாக இருந்தால் அட்டாச்மென்ட் கனம் அல்லது எதிர்முனையின் ஸ்பாம் சோதனை மெதுவு.

மூன்று நாளாக உங்களுக்கு ஏன் தகவல் வரவில்லை? தள்ளிப்போட்ட கடிதத்தை போஸ்ட்ஃபிக்ஸ் 300 விநாடி முதல் 4000 விநாடி வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப முயலும். கைவிடுவது 5 நாள் கழித்து. நடுவில் அனுப்பியவருக்கு எச்சரிக்கை அனுப்பும் ‘டிலே_வார்னிங்_டைம்’ இயல்பாக 0, அதாவது அணைந்திருக்கிறது. உபுண்டு, டெபியன் தரும் மெயின்.சிஎஃப்பில் 4 மணி நேரம் என்று எழுதி, முன்னால் எண்குறி போட்டு முடக்கி வைத்திருப்பார்கள். அந்தக் குறியை எடுத்துவிட்டு ‘போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்’ கொடுங்கள். கப்பல் ஆவணம் அனுப்புகிற இடத்தில் இது இல்லாமல் இருக்கவே கூடாது.

பேனலில் கடித அளவு வரம்பை 100 எம்பி ஆக்கினேன். அதன்பின் வெளியிலிருந்து வரும் கடிதம் ஒன்றுகூடப் பெட்டியில் விழவில்லை. வெப்மெயிலிலோ 5 எம்பிகூட ஏறவில்லை.
– தக்கலை வாசகர்

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். போஸ்ட்ஃபிக்ஸில் கடிதத்தின் இயல்பான வரம்பு 1,02,40,000 பைட். பெட்டிக் கோப்பின் வரம்பு, அதாவது ‘வர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_லிமிட்’, 5,12,00,000 பைட். முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாகிவிட்டால், பெட்டியில் போடும் நிரல் ‘ஃபேட்டல்’ என்று லாக்கில் எழுதிவிட்டுச் செத்துப்போகும். கடிதங்கள் கியூவில் குவியும், தொலைந்துபோகாது. பேனல் ஒரு கட்டத்தை மட்டும் காட்டி, மற்றதைப் பற்றி வாயே திறக்காததால் வந்த வினை. பெட்டி வரம்பை உயர்த்துங்கள் அல்லது 0 ஆக்குங்கள், ரீலோட் செய்து ‘போஸ்ட்கியூ -எஃப்’ கொடுங்கள். பெட்டியில் போடும் வேலையை டவ்காட்டிடமே (எல்எம்டிபி வழியாக) விட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வெப்மெயிலில் தடுப்பது அதை ஓட்டும் பிஎச்பி. ‘அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ்’ இயல்பாக 2 எம்பி, ‘போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்’ 8 எம்பி. முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால் அதன் வரம்பு 1 எம்பி. மீறினால் 413 என்று முகத்தில் அடிக்கும். மூன்றையும் பார்க்க வேண்டும்.

உண்மையில் 100 எம்பி தேவையா? 25 எம்பி அட்டாச்மென்ட் பேஸ்64 ஆகும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஊதி, 34 எம்பியை ஒட்டி வரும். ஆகவே 3,67,00,160 பைட், அதாவது 35 எம்பி, போதும். இன்னொன்று: டிஸ்கில் காலியிடம் கடித வரம்பின் ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் போஸ்ட்ஃபிக்ஸ் புதிய கடிதத்தை வாங்காது, 452 என்று திருப்பும். வரம்பு 100 என்றால் 150 எம்பி எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

எங்கள் மீன் கம்பெனி மெயில் ஒன்றை யாரோ திருடி ஸ்பாம் அனுப்பியிருக்கிறார்கள். கியூவில் பத்தாயிரத்துக்கு மேல் என்று மட்டும் பேனல் சொன்னது. கியூ பக்கத்தைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்து வெள்ளையாகிவிடுகிறது. சர்வரை நிறுத்தி ஆரம்பித்தும் பார்த்தாயிற்று.
– அலுவலக உதவியாளர், குளச்சல்

பேனல் பத்தாயிரம் வரியையும் ஒரே பக்கமாக வரையப் பார்க்கிறது; அதற்குள் பிஎச்பிக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் கியூ டிஸ்கில் அப்படியே இருக்கும், எழுந்ததும் மறுபடி அனுப்பத் தொடங்கும். இது டெர்மினலுக்கே உரிய வேலை. வரிசை முக்கியம்.

முதலில் வாசலை அடையுங்கள். ‘போஸ்ட்கான்ஃப் -இ டிஃபர்_ட்ரான்ஸ்போர்ட்ஸ்=எஸ்எம்டிபி’ கொடுத்து ரீலோட் செய்தால், வெளியே போவது நிற்கும்; உள்ளே வருவது வழக்கம்போல் நடக்கும். ஒவ்வொரு நிமிடமும் உங்கள் ஐபியின் பெயர் கெட்டுக்கொண்டிருப்பதால் திருடனைத் தேடுவது இதற்குப் பிறகுதான்.

பிறகு எந்தக் கணக்கு என்று பாருங்கள். லாக்கில் ‘சாஸ்ல்_யூசர்நேம்’ உள்ள வரிகளை எடுத்து, பெயரை மட்டும் வெட்டி, ‘சார்ட்’, ‘யூனிக் -சி’, மறுபடி ‘சார்ட் -என்ஆர்’ என்று குழாய் வழியாக விட்டால், கணக்குவாரியாக எண்ணிக்கை இறங்குவரிசையில் வரும். முதல் பெயர்தான் பெரும்பாலும் குற்றவாளி. அந்த வரியே குறைவாக இருந்து, ‘பிக்கப்’ வரிகளில் ‘யூஐடி=33’ என்று நிறைய வந்தால் கதை மாறுகிறது: டெபியன் குடும்பத்தில் 33 என்பது வெப் சர்வரின் எண். அதே கணினியில் உள்ள உங்கள் வலைத்தளம்தான் ஸ்பாம் அனுப்புகிறது. மெயில் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

கணக்குத்தான் என்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இங்கே பலரும் நின்றுவிடுவார்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட தொடர்பு பாஸ்வேர்டு மாறியதால் அறுந்துவிடாது. ‘டவ்ஆட்ம் கிக்’ கட்டளையால் அந்தப் பயனரை வெளியேற்றி, ‘டவ்ஆட்ம் ஆத் கேஷ் ஃப்ளஷ்’ கொடுத்து, போஸ்ட்ஃபிக்ஸை ஒரு முறை முழுதாக நிறுத்திக் கிளப்புங்கள்.

இனிக் குப்பை. ‘போஸ்ட்சூப்பர் -டி ஆல்’ (ஆல் பெரிய எழுத்தில்) கொடுக்கக் கை துடிக்கும். அதில் உங்கள் கம்பெனியின் நல்ல கடிதங்களும் போகும். திரும்ப எடுக்க வழியில்லை. ‘போஸ்ட்கியூ -ஜே’ (போஸ்ட்ஃபிக்ஸ் 3.1 முதல் உண்டு) தருவதை ‘ஜேகியூ’ நிரலுக்குள் விட்டு, அனுப்புநர் அந்த முகவரியாக உள்ள கியூ ஐடிகளை மட்டும் ஒரு கோப்பில் எழுதுங்கள். ‘டபிள்யூசி -எல்’ கொண்டு எண்ணுங்கள். இரண்டு மூன்று ஐடிகளை ‘போஸ்ட்கேட் -கியூ’ மூலம் திறந்து படித்து, ஸ்பாம்தானா என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் அந்தக் கோப்பை ‘போஸ்ட்சூப்பர் -டி -’ கட்டளைக்கு ஊட்டுங்கள். கடைசிச் சிறுகோடு விட்டுப்போகக் கூடாது. திரும்பி வந்த பவுன்ஸ் கடிதங்களுக்கு அனுப்புநர் ‘மெய்லர்-டீமன்’ (முழுதும் பெரிய எழுத்தில்) என்று இருக்கும். பெறுநர் உங்கள் திருட்டுக்கணக்காக உள்ளவற்றை இதே முறையில் இரண்டாம் சுற்றில் எடுங்கள்.

வாசலைத் திறக்குமுன், அந்தப் பெட்டியின் ஃபார்வர்டு, சீவ் வடிகட்டி விதிகளைப் பாருங்கள். “பில்”, “வங்கி” போன்ற சொல் வரும் கடிதத்தை வேறு முகவரிக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போவது திருடர்களின் வழக்கம். இதற்குப் பேனலே வசதி. எல்லாம் சுத்தமானதும் ‘போஸ்ட்கான்ஃப் -எக்ஸ் டிஃபர்_ட்ரான்ஸ்போர்ட்ஸ்’ (எக்ஸ் பெரிய எழுத்து), ரீலோட், ‘போஸ்ட்கியூ -எஃப்’. ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் உங்கள் ஐபியைச் சோதியுங்கள். பட்டியலில் இருந்தால் காரணம் தீர்ந்த பிறகு மட்டும் நீக்கக் கோருங்கள். தீராமல் கோரினால் மறுபடி ஏறிவிடும்.

மறுபடி நடந்தாலும் சேதம் குறைய, ‘ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச்’ விதியைப் போடுங்கள். ஒருவர் கணக்கில் நுழைந்து இன்னொருவர் பெயரில் அனுப்ப முடியாது. பயனருக்கு மணிக்கு இத்தனை கடிதம் என்ற கட்டுப்பாட்டுக்கு ஸ்பாம் வடிகட்டும் நிரலான ஆர்ஸ்பாம்டியின் ரேட்லிமிட் உதவும். போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த வேக வரம்பு ஐபியைப் பார்த்து எண்ணுவது, பயனரைப் பார்த்து அல்ல.

ஆடிக்காற்றில் இங்கே கரண்டும் நெட்டும் போய்ப் போய் வரும். பாதி அப்டேட்டில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரின் டெர்மினலில் நுழையும் தொடர்பு) அறுந்து சர்வர் குழம்பிவிட்டது. இதற்காகவே பேனல் நல்லது என்று நினைக்கிறேன்.
– ஆரல்வாய்மொழி வாசகர்

‘டிமக்ஸ்’ என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. எஸ்எஸ்எச்சில் நுழைந்ததும் அதைத் தட்டி, அதற்குள் வேலை செய்யுங்கள். தொடர்பு அறுந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி நுழைந்து ‘டிமக்ஸ் அட்டாச்’ கொடுத்தால் விட்ட இடத்தில் நிற்பீர்கள். இப்போது குழம்பிக் கிடப்பதற்கு ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ (முதலில் இரட்டைக் கோடு). பலவீனமான மொபைல் சிக்னலில் பேனல் பக்கம் ஏறுவதற்குள் டெர்மினலில் வேலையே முடிந்திருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எங்கள் விடுதியின் மெயில் பேனலை வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். இணையத்தில் திறந்து வைத்தால் தவறா?
– கன்னியாகுமரி

தவறுதான். பேனலின் போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்துவிட்டு எஸ்எஸ்எச் சுரங்கம் போடுங்கள். சிம்ப்ராவின் நிர்வாகப் பக்கம் 7071-இல் இருக்கிறது. ‘எஸ்எஸ்எச் -எல் 7071:லோக்கல்ஹோஸ்ட்:7071’ (எல் பெரிய எழுத்து), பின்னே பயனர் பெயரும் சர்வர் பெயரும். வீட்டு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 7071 என்று திறந்தால் விடுதியின் பேனல் வரும். சான்றிதழ் பெயர் பொருந்தவில்லை என்று பிரவுசர் முறைக்கும். இந்த ஒரு இடத்தில் ஏற்றுக்கொள்ளலாம்.

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது என்று பேனலில் தெரிகிறது. போனில் மெயில் செயலி மட்டும் “காலாவதி” என்கிறது.
– திங்கள்சந்தை வாசகர்

டிஸ்கில் உள்ள கோப்பு புதியது; டவ்காட் நினைவில் வைத்திருப்பது பழையது. பேனல் கோப்பைப் பார்க்கிறது, போன் டவ்காட்டைப் பார்க்கிறது. ‘ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்’ கொண்டு 993-ஆம் போர்ட்டைத் தொட்டுத் தேதியைப் பாருங்கள், அதுதான் உண்மை. ‘டவ்ஆட்ம் ரீலோட்’ கொடுத்தால் தீரும். மறுபடி வராமலிருக்க, சான்றிதழைப் புதுப்பிக்கும் சர்ட்பாட்டின் ‘ரினியூவல்-ஹுக்ஸ்’ அடைவில் ‘டிப்ளாய்’ என்ற உள் அடைவுக்குள் டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோட் செய்யும் இரண்டு வரி ஸ்கிரிப்டை இயக்க அனுமதியோடு போட்டு வையுங்கள்.

நாங்கள் விண்டோஸ் சர்வர், எக்ஸ்சேஞ்ச். எங்களுக்குக் கறுப்புத் திரை தேவையே இல்லைதானே?
– ரப்பர் வணிக அலுவலகம், குலசேகரம்

உங்களுக்குத்தான் அதிகம் தேவை. எக்ஸ்சேஞ்ச் 2007 முதலே நிர்வாகப் பணிகள் பவர்ஷெல் கட்டளைகளாக அமைக்கப்பட்டு, ஜன்னல்கள் அவற்றின்மேல் போர்த்தப்பட்டன. 2007-இன் ஜன்னலில் வேலை முடிந்ததும் ஓடிய கட்டளையையே காட்டும். அதைப் பார்த்துப் பவர்ஷெல் படித்தவர்கள் உண்டு. இரண்டு பொறிகள் மட்டும் சொல்கிறோம். நிர்வாகப் பக்கத்தில் பெட்டியை ‘டிலீட்’ செய்தால் ஆக்டிவ் டைரக்டரியில் அந்த ஆளின் கணக்கே போய்விடும். மறுநாள் அவரால் கணினியில் நுழைய முடியாது. பெட்டி மட்டும் போக வேண்டும் என்றால் ‘டிசேபிள்’. எதை ஓட்டுமுன்னும் கட்டளையின் வாலில் ‘-வாட்இஃப்’ சேர்த்தால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும், செய்யாது. இரண்டாவது, ‘கெட்-மெயில்பாக்ஸ்’ இயல்பாக 1000 பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளும். ‘-ரிசல்ட்சைஸ் அன்லிமிடெட்’ சேர்க்காவிட்டால் பட்டியல் முழுமை என்று ஏமாறுவீர்கள். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

தமிழ்த் தலைப்புள்ள கடிதத்தை ‘கிரெப்’ செய்தால் கிடைப்பதில்லை. தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர் டிஸ்கில் ‘&’ குறியில் தொடங்கிப் புரியாத எழுத்துகளாகத் தெரிகிறது. கெட்டுவிட்டதா?
– பூ வியாபாரி ஒருவரின் கணக்கர், தோவாளை

கெடவில்லை. கடிதத் தலைப்பில் தமிழ் அப்படியே போகாது. ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டாகி, அவை பேஸ்64இல் 4 எழுத்தாகி, கோப்பில் வேறு உருவத்தில் கிடக்கும். ‘கிரெப்’புக்கு அது தமிழ் என்று தெரியாது. ‘டவ்ஆட்ம் சர்ச் -யூ’, பயனர் பெயர், ‘மெயில்பாக்ஸ் இன்பாக்ஸ்’, ‘சப்ஜெக்ட்’, பின்னே தமிழ்ச் சொல் என்று கொடுங்கள். டவ்காட் பிரித்துப் பார்த்துத் தேடும். ஃபோல்டர் பெயர் ஐமேப்பின் பழைய குறிமுறையில் எழுதப்பட்டது. அதை ‘எம்வி’ கொண்டு பெயர் மாற்றினால் போனில் உள்ள சந்தா அறுந்துவிடும்; ‘டவ்ஆட்ம் மெயில்பாக்ஸ் ரீநேம் -எஸ்’ கொண்டு மாற்றுங்கள், அல்லது வெப்மெயிலிலேயே மாற்றிவிடுங்கள். தமிழ்ப் பெயரைத் தட்ட அதுதான் எளிது.

பேனலில் வந்த டிகிம் (கடிதத்துக்கான டிஜிட்டல் கையொப்பம்) வரியை டொமைன் கணக்கில் ஒட்டினேன். சோதனையில் தோல்வி என்றே வருகிறது.
– இரணியல் வாசகர்

2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும். டிஎன்எஸ்ஸில் ஒரு மேற்கோள் துண்டு 255-க்கு மேல் போகக் கூடாது. சில டொமைன் பேனல்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ‘டிக்’ கட்டளையில் டிஎக்ஸ்டி பதிவைக் கேட்டு, வருவதன் கடைசிப் பத்து எழுத்தை மூலத்தோடு ஒப்பிடுங்கள். வெட்டியிருந்தால் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்து இடுங்கள்.

மெயில் நிர்வாகம் படிக்க ஆசை. பேனலில் தொடங்குவதா, டெர்மினலிலா? என்னிடம் 8 ஜிபி மடிக்கணினி, வீட்டு பிராட்பேண்ட்.
– மாணவர், வடசேரி

மெயில்கவ் போன்ற முழுத் தொகுப்புக்கு 6 ஜிபி ராம் கேட்பார்கள். உங்கள் கணினி மூச்சுத் திணறும். போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் மட்டும் என்றால் 1 ஜிபி கொடுத்த மெய்நிகர் கணினியில் தாராளமாக ஓடும். அப்படி இரண்டை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிப் பழகுங்கள். வெளியுலகுக்கு அனுப்ப முயல வேண்டாம். வீட்டு இணைப்பில் 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைபட்டிருக்கும், ஐபிக்குப் பெயர்ப்பதிவும் இருக்காது. சோதனைக் கடிதம் அனுப்ப ‘ஸ்வாக்ஸ்’ நிறுவுங்கள்.

ஓட வைத்த பிறகு, வேண்டுமென்றே உடையுங்கள். ‘/இடிசி/ஏலியசஸ்’ கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டு ‘நியூஏலியசஸ்’ கொடுக்காமல் அனுப்பிப் பாருங்கள். வரி இருந்தும் சர்வர் அதைப் பார்க்காது. பெட்டியில் போடுவது டவ்காட் என்றால், அதை நிறுத்திவிட்டு அனுப்பி, கடிதம் கியூவில் எப்படிக் காத்திருக்கிறது, லாக் என்ன எழுதுகிறது என்று பாருங்கள். ‘ஃபாலோகேட்’ கொண்டு டிஸ்கை நிரப்பி 452 வருகிறதா பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் லாக் வரியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இருபது வரி சேர்ந்ததும் வெப்மின் நிறுவி, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தியபின் ‘போஸ்ட்கான்ஃப் -என்’ கொடுத்து, எந்த வரி மாறியது என்று பாருங்கள்.